பீர் ஆலையில் பிறந்த டி-டேபிள்

பெங்களூரில் வேலை பார்க்கும் பெரியம்மா பையன் போன மாதம் ஒரு படம் அனுப்பியிருந்தான். டிஷ்யூ பேப்பரில் பேனாவால் போட்ட கட்டம். அவன் ஆபீசுக்குப் பக்கத்தில் ஒரு ப்ரூபப் இருக்கிறதாம். பின்பக்கமே பீர் காய்ச்சி முன்பக்கம் விற்கும் கடை. நாலு நண்பர்கள் போய், சின்னச் சின்ன கிளாஸில் ஒவ்வொன்றாக ருசி பார்த்து ஐந்துக்கு மார்க் போட்டிருக்கிறார்கள். கறுப்பாக இருக்கும் ஸ்டௌட்டுக்கு 4, 4.5, 3, 4.5. கோதுமை பீருக்கு அதே வரிசையில் 3.5, 4, 3, 3.5. சராசரி 4-க்கு 3.5. "டேய், நீதான் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் படிக்கிறியே, ஸ்டௌட்தான் பெஸ்ட்னு சர்டிபிகேட் கொடு" என்று கீழே ஒரு வரி.

(குடி குடியைக் கெடுக்கும். சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்டேன். இந்தப் பதிவை எழுதியவன் குடித்தது டீ மட்டும்.)

விளையாட்டாகத்தான் கணக்குப் போட்டேன். ஒவ்வொருவரும் இரண்டுக்கும் போட்ட மார்க்கின் வித்தியாசம் 0.5, 0.5, 0, 1. சராசரி 0.5. அதை அதன் திட்டப் பிழையால் வகுத்தால் 2.45 வருகிறது. நார்மல் டேபிளைப் பார்த்தால் 1.96-ஐத் தாண்டினாலே பாஸ். ஸ்டௌட் ஜெயித்துவிட்டது! ஆனால் நாலே நாலு பேர் என்பதால் டி-டேபிளைத்தான் பார்க்கவேண்டும். அங்கே மூன்று டிகிரி ஆஃப் ஃப்ரீடத்துக்கு 3.18 கேட்கிறான். ஸ்டௌட் ஃபெயில்.

அந்த டேபிளின் தலைப்பில் 'ஸ்டூடண்ட்ஸ் டி' என்று இருக்கும். நம்மை மாதிரி மாணவர்களுக்கான சுலப டேபிள் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். சிரிக்காதீர்கள், வகுப்பில் பாதிப்பேர் அப்படித்தான் நினைத்திருப்பீர்கள். அது ஒரு ஆளின் புனைபெயர். அந்த ஆள் வேலை பார்த்தது பீர் ஆலையில். அதுவும் ஸ்டௌட்டுக்கே பேர்போன கின்னஸில்!

டப்ளின் நகரத்தில் 1759-ல் ஆர்தர் கின்னஸ் ஒரு பழைய ஆலையைக் குத்தகைக்கு எடுத்தார். வருஷத்துக்கு 45 பவுண்டு, 9000 வருஷத்துக்கு. (நம்மூர் லீஸ் பத்திரமெல்லாம் பிச்சை வாங்கவேண்டும்.) 1886-ல் பங்குச் சந்தைக்கு வந்த கம்பெனி, அந்த நூற்றாண்டு முடிவதற்குள் உலகத்திலேயே பெரிய பீர் ஆலையாகிவிட்டது. அளவு அப்படிப் பெருகினபோதுதான் ஒரு சிக்கல் வந்தது. சின்ன ஆலையில் அனுபவஸ்தர் ஒருவர் ஹாப்ஸ் பூவைக் கையில் கசக்கி முகர்ந்து, பார்லியைக் கடித்துப் பார்த்து 'இது தேறும், இது தேறாது' என்று சொல்லிவிடலாம். இத்தனை பெரிய ஆலைக்கு எத்தனை மூக்கு வேண்டும்? அதனால் 1893 முதல் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜில் அறிவியல் படித்த இளைஞர்களை வேலைக்கு எடுத்தார்கள். 1899-ல் அப்படி வந்தவர் வில்லியம் சீலி கோசெட். வயது 23. வேதியியலும் கணிதமும் படித்தவர்.

அவருக்கு வந்து விழுந்த பிரச்சினை இதுதான். மால்ட்டிலிருந்து எவ்வளவு சர்க்கரைச் சத்து இறங்குகிறது என்று சோதிப்பார்கள். கின்னஸுக்கு இலக்கு 133 டிகிரி. குறைந்தால் பீர் நீர்த்துவிடும். கூடினாலும் வம்பு, ஏனென்றால் பிரிட்டனில் 1880 முதல் பீர் வரியே அந்தக் கரைசலின் அடர்த்தியைப் பார்த்துத்தான் போட்டார்கள். ஆனால் ஒரே மால்ட்டை இரண்டு தடவை சோதித்தால் இரண்டு விடை வரும். அப்போது எத்தனை தடவை சோதித்தால் நம்பலாம்? ஒவ்வொரு சோதனைக்கும் நேரமும் காசும் ஆகிறதே!

1904-ல் கோசெட் ஆலைக்குள்ளேயே ஒரு அறிக்கை எழுதினார். விடை அரை டிகிரிக்குள் சரியாக இருக்க, இரண்டு சோதனை செய்தால் 4-க்கு 1 வாய்ப்பு, மூன்றுக்கு 7-க்கு 1, நாலுக்கு 12-க்கு 1, ஐந்துக்கு 19-க்கு 1. ஆலைக்கு 10-க்கு 1 போதும். ஆகவே நாலு சோதனை செய்தால் வேலை முடிந்தது. இதைப் படித்தபோது எனக்கு காஸ்ட் அக்கவுண்டிங் வகுப்பு ஞாபகம் வந்தது. தரத்துக்கு ஒரு விலை, சோதனைக்கு ஒரு விலை, இரண்டையும் தராசில் வைக்கிறார் மனுஷன்.

ஆனால் அவருக்கே ஒரு உறுத்தல். அப்போதிருந்த சூத்திரமெல்லாம் நூற்றுக்கணக்கில் சாம்பிள் இருந்தால்தான் செல்லும். நாலு, ஐந்து என்றால் திட்ட விலக்கமே தப்பாக வர வாய்ப்பு அதிகம். 1906-ல் கம்பெனி அவரை ஒரு வருஷம் லண்டனுக்கு, அந்தக் காலத்துப் புள்ளியியல் சக்கரவர்த்தி கார்ல் பியர்சனிடம் அனுப்பியது. பியர்சன் உதவி செய்தார், ஆனால் இந்தப் பிரச்சினையைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவருக்கு ஆயிரக்கணக்கில் அளவுகள் கிடைத்தன, நாலை வைத்து மல்லுக்கட்டவேண்டிய அவசியமில்லை. விஷமக்கார பீர்க்காரர்கள்தான் இவ்வளவு சின்ன சாம்பிள் எடுப்பார்கள் என்று பின்னாளில் ஒரு கடிதத்தில் கேலியும் செய்தார்.

கோசெட் சூத்திரத்தைக் கண்டுபிடித்தபிறகு அதைச் சோதித்த விதம் எனக்கு ரொம்பப் பிடித்தது. 3000 குற்றவாளிகளின் உயரமும் இடதுகை நடுவிரல் நீளமும் ஏற்கெனவே ஒருவர் அளந்து வெளியிட்டிருந்தார். அதை அட்டைத் துண்டுகளில் எழுதி, நன்றாகக் குலுக்கி, நாலு நாலாக 750 சாம்பிள்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் கையால் கணக்குப் போட்டார். இன்றைக்குக் கம்ப்யூட்டர் ஒரு நொடியில் செய்யும் சிமுலேஷன், அன்றைக்குச் சீட்டுக்கட்டு மாதிரி!

1908 மார்ச்சில் பியர்சனின் 'பயோமெட்ரிகா' இதழில் கட்டுரை வந்தது. தொழில் ரகசியம் போட்டியாளர் கைக்குப் போய்விடும் என்ற பயத்தில், ஊழியர்கள் சொந்தப் பெயரில் எழுத கின்னஸ் விடவில்லை. அதனால் போட்ட பெயர் 'ஸ்டூடண்ட்'. கட்டுரையில் பீரும் கிடையாது, மால்ட்டும் கிடையாது. உதாரணமாகக் கொடுத்தது, தூக்க மருந்து சாப்பிட்ட பத்து நோயாளிகள் எவ்வளவு நேரம் கூடுதலாகத் தூங்கினார்கள் என்ற கணக்கு.

கட்டுரை பல வருஷம் கவனிப்பாரில்லாமல் கிடந்தது. 1912-ல் 22 வயது இளைஞர் ஒருவர் அதற்கு முழு நிரூபணம் எழுதி அனுப்பினார். கோசெட்டுக்கே அந்தக் கணக்கு புரியவில்லை, பியர்சனிடம் தள்ளிவிட்டார். அந்த இளைஞர்தான் ரொனால்ட் ஃபிஷர். அவருடைய 1925-ம் வருஷப் புத்தகம்தான் டி-டெஸ்ட்டை உலகமெல்லாம் கொண்டுபோனது. கூடவே 5% என்ற கோட்டையும் கொண்டுபோனது.

இங்கேதான் எனக்கு ஒரு ஆதங்கம். கோசெட் 5% என்று எந்தக் கோடும் கிழித்துவைக்கவில்லை. எவ்வளவு நிச்சயம் வேண்டும் என்பது, அந்த முடிவால் வரும் லாபத்தையும் சோதனையைக் கூட்ட ஆகும் செலவையும் பொறுத்தது என்று 1905-லேயே பியர்சனுக்கு எழுதியிருக்கிறார். பணத்தைப் பற்றி யோசித்த ஆளின் டேபிளை, பணத்தைப் பற்றிப் படிக்கிற பி.காம் மாணவர்களுக்குப் பணத்தை மட்டும் கழித்துவிட்டுச் சொல்லித்தருகிறார்கள். 3.18-ஐத் தாண்டினால் நிராகரி, தாண்டாவிட்டால் ஏற்றுக்கொள், எட்டு மார்க். அவ்வளவுதான்.

ருசி பார்ப்பதற்கே தனிக் கணக்கு வந்தது இதற்குப் பிறகுதான். பால் முதலில் ஊற்றினதா, டீ முதலில் ஊற்றினதா என்று ருசித்தே சொல்லிவிடுவேன் என்ற பெண்மணிக்கு எட்டுக் கோப்பை வைத்துச் சோதிக்கும் கதையை ஃபிஷர் 1935-ல் எழுதினார். குருட்டாம்போக்கில் எட்டையும் சரியாகச் சொல்ல 70-ல் ஒரு வாய்ப்புதான். 1940-களில் டென்மார்க்கின் கார்ல்ஸ்பெர்க் பீர் ஆலையில் 'முக்கோணச் சோதனை' வந்தது. மூன்று கிளாஸ், இரண்டில் ஒரே பீர், ஒன்றில் வேறு. வேறானதைக் கண்டுபிடிக்கவேண்டும். எது பிடிக்கிறது என்று கேட்பதே இல்லை, வித்தியாசமாவது தெரிகிறதா என்றுதான் கேள்வி. நிறம் காட்டிக்கொடுக்குமென்றால் இருண்ட கிளாஸில் ஊற்றுவார்கள்.

இதையெல்லாம் அண்ணனிடம் போனில் சொன்னேன். உங்கள் கட்டத்தில் நாலு பேரும் ஒரே மேஜை, ஒருத்தன் மார்க்கை ஒருத்தன் பார்த்தாச்சு, ஸ்டௌட் கறுப்பு என்பதும் தெரியும், அதனால் அந்த 2.45-ஐக்கூட முழுசாக நம்பமுடியாது என்றேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"சரி, அப்ப அடுத்த தடவை எதை ஆர்டர் பண்றது?"

"ஸ்டௌட்டையே பண்ணுண்ணா. தப்பா இருந்தாலும் ஒரு கிளாஸ் காசுதானே போகும். கோசெட்டும் அதைத்தான் சொல்லியிருப்பார்."

"அதுக்கா இருபது நிமிஷம் பேசின?" என்று வைத்துவிட்டான்.