வல்லாளர் வழித்தோன்றல்

தந்தைக்கு நீர்க்கடன் இறுத்தல் மைந்தர்க்கு உரிய கடனென்ப. மைந்தர் வழி அற்றுப்போயின் அக்கடனை இறுப்பார் யாவர்? திருவண்ணாமலை இதற்கு விடை கூறும்.

போசள மன்னராகிய மூன்றாம் வீரவல்லாளர், வடபுலப் படையெடுப்புக்களால் துவாரசமுத்திரம் நிலைகுலைந்தபின் இத்தலத்தைத் தம் இருக்கைகளுள் ஒன்றாகக் கொண்டார். திருக்கோயிலில் வல்லாளன் கோபுரம் இன்றும் அவர் பெயரால் வழங்குகின்றது. அவர் முதுமையில் மதுரைச் சுல்தானொடு பொருது, 1342-43 அளவில் அகப்பட்டுக் கொல்லப்பட்டார். இச்செய்தியை இபன் பதூதாவும் எழுதியுள்ளார்.

சைவ எல்லப்ப நாவலரின் அருணாசல புராணம் அவரை மகப்பேறில்லாதவரென்றும், அண்ணாமலையாரே அவர்க்கு மகவாய்த் தோன்றி மறைந்தருளினாரென்றும் கூறும். வரலாறோ அவர்க்கு மைந்தர் ஒருவர் இருந்தமையும், நான்காம் வல்லாளராகிய அவரொடு 1346 அளவில் அம்மரபின் அரசு முடிந்தமையும் காட்டும். மகனிலர் எனினும், மகன் அரசு நில்லாதொழிந்தது எனினும், அம்மன்னர்பால் இன்றளவும் கடனாற்றி நிற்பது குருதிவழி அன்றென்பது தெளிவு.

ஆண்டுதோறும் தைப்பூசத்தன்று ஈசானியத் தீர்த்தவாரி முடிந்து மீளுங்கால், மன்னர் மாண்ட செய்தி பெருமானுக்கு அறிவிக்கப்படும், மேளதாளம் அடங்கும். மாசிமகத்தன்று பெருமான் பள்ளிகொண்டாப்பட்டிற்கு எழுந்தருளிக் கௌதம நதியில் நீர்க்கடன் ஆற்றுகின்றார்.

சற்புத்திர மார்க்கத்தில் உயிர் மகன்; இறைவன் தந்தை. ஈண்டோ பிறப்பிலியாகிய இறைவன், அன்பிற்கு எளியனாய், மகன்மையைத் தானே ஏற்றான். மன்னர் மறைந்த சின்னாண்டுகளில் அவர்தம் அரசமரபு முடிந்தது. அவர் பத்தியின் வழியோ இன்றளவும் தொடர்ந்து வருகின்றது. பெருமான் பின்னே அந்நதிக்கரைக்குச் செல்லும் அடியார் யாவரும் வல்லாளர்க்கு வழித்தோன்றல்களே என்க.