சார்பு முறியும்போது: லினக்சுப் பொதிகளின் வரலாறு

லினக்சில் மென்பொருள் ஒன்றை நிறுவ முற்படும்போது, "தேவையான பொதி இல்லை" எனக் கணினி மறுப்பதைப் பலரும் கண்டிருப்பீர்கள். இச்சிக்கலின் வரலாற்றைச் சுருக்கமாக எழுத விழைகிறேன்.

லினக்சு மென்பொருள்கள் பொதுவான நிரல்களை லைப்ரரிகளாகப் பகிர்ந்துகொள்கின்றன. ஒரு லைப்ரரியில் பிழையைத் திருத்தினால், அதனைச் சார்ந்த அனைத்தும் பயன்பெறும். அதுவே பொருந்தாமல் மாறிவிட்டால் அனைத்தும் ஆட்டங்காணும்.

1993இல் இயான் மர்டாக் டெபியனைத் தொடங்கினார். அதன் டிபிகேஜி கருவியும், 1995இல் ரெட் ஹேட் வெளியிட்ட ஆர்.பி.எம்.மும், ஒவ்வொரு பொதியும் எவற்றைச் சார்ந்துள்ளது என்பதைப் பதிவு செய்தன. எனினும் அவை குறையைச் சுட்டினவேயன்றித் தீர்த்துவைக்கவில்லை. ஒரு பொதி இரண்டைக் கேட்கும். அவ்விரண்டும் நான்கைக் கேட்கும். தேடிக் கொணரும் பொறுப்பு பயனரின் தலையில் விழுந்தது.

ஏறத்தாழ எல்லா மென்பொருளுக்கும் அடிப்படையான சீ லைப்ரரி, 1997, 1998ஆம் ஆண்டுகளில் ஐந்தாம் பதிப்பிலிருந்து ஆறாம் பதிப்புக்கு மாறியது. பழையதற்கென உருவான செயலிகள் புதியதில் இயங்கவில்லை. இரண்டையும் அருகருகே வைத்துக் காலங்கடத்த வேண்டியதாயிற்று.

1999 மார்ச்சில் வெளிவந்த டெபியன் 2.1 ஆப்ட் கருவியைக் கொணர்ந்தது. அது களஞ்சியத்தின் பட்டியலைப் படித்து, தேவையானவற்றைக் கணக்கிட்டு, தானே பதிவிறக்கி, உரிய வரிசையில் நிறுவியது. முறிந்தவற்றைச் சீராக்க 'ஆப்ட்-கெட் -எஃப் இன்ஸ்டால்' என்னும் கட்டளையும் கிடைத்தது. பின்னர் ஆர்.பி.எம். உலகில் யம் அப்பணியை ஏற்றது.

ஆயினும் கருவி மட்டுமே இதனைத் தீர்த்துவிடவில்லை. பொதிச் சார்புகளைத் தீர்ப்பது, எல்லாச் சூழலிலும் விரைந்து விடை தரும் வழி எதுவும் அறியப்படாத கணக்குவகையைச் சேர்ந்தது என்பதை 2006இல் ஐரோப்பிய ஆய்வாளர்கள் நிறுவினர். நடைமுறையில் நம்மைக் காப்பது பராமரிப்பாளர்களின் ஒழுங்கே. 2000ஆம் ஆண்டின் இறுதியில் டெபியன் அமைத்த 'டெஸ்டிங்' கிளையில், பிறவற்றின் சார்பை முறிக்கும் பொதிக்குப் பொதுவாக இடமில்லை.

என் மாணவர்களிடம் நான் கூறுவது இதுதான்: சார்பு என்பது ஒருவர் மற்றவருக்கு எழுதித் தந்த வாக்குறுதி. வெவ்வேறு களஞ்சியங்களைக் கலக்கும்போது, ஒருவருக்கொருவர் வாக்குத் தராதவர்களை ஒரே கூரையின்கீழ் குடிவைக்கிறோம்.

அண்மைக்கால ஃபிளாட்பேக், ஸ்னாப் போன்றவை தேவையான பலவற்றைத் தம்முடனே சுமந்து வருகின்றன. முறிவு குறைகிறது, உண்மை. ஆனால் அவ்வாறு சுமந்துவந்த லைப்ரரியில் ஓட்டை கண்டால், ஒவ்வொரு மூட்டையையும் தனித்தனியே அவிழ்த்துத் திருத்த வேண்டும். ஆகவே, பிழைச்செய்தி தோன்றினால் வலிந்து நிறுவாதீர்கள். எந்தப் பொதி, எந்தக் களஞ்சியத்திலிருந்து வந்தது என்பதை முதலில் படியுங்கள்.