பொற்பனையும் தைல மரமும்

புதுக்கோட்டையிலிருந்து ஆலங்குடி செல்லும் சாலையில் திருவரங்குளம் இருக்கிறது. பொன்னாகவே பழம் பழுத்த ஒரு பனை மரத்தின் கதையை அத்தலத்துச் சிவன் கோயிலோடு சேர்த்துச் சொல்வார்கள். பக்கத்திலுள்ள பொற்பனைக்கோட்டையின் பெயரிலும் அந்தக் கதையின் வாசனை உண்டு. 2023-ல் அங்கே அகழ்ந்தவர்களுக்குச் சிறியதொரு தங்க மூக்குத்தி கிடைத்தது. பழம் கிடைக்கவில்லை!

பிற்காலத்தில் அந்த வட்டாரத்துச் செம்மண்ணில் பொன் என்று நம்பி நட்டது வேறு மரம். புத்தகத்தில் அதற்கு யூகலிப்டஸ் என்று பெயர். ஊர்க்காரர்களுக்குத் தைல மரம், அல்லது ஆர்.எஸ்.பதி மரம். தைலம் விற்ற கம்பெனியின் பெயர் மரத்துக்கே ஒட்டிக்கொண்டுவிட்டது. 1974-ல் அமைந்த வனத்தோட்டக் கழகம் புதுக்கோட்டைச் சீமையில் இதை ஏராளமாக வளர்த்தது. ஆனால் தைலத்துக்காக அல்ல, காகிதத்துக்காக.

காகிதத்துக்கு வேண்டியது மரத்தின் நார். அந்த நாரை இறுகப் பிணைத்து, மரத்தை நிமிர்ந்து நிற்க வைக்கும் பொருளோ காகிதத்துக்குப் பகை. 1813-ல் தெ கந்தோல் என்னும் தாவர சாஸ்திரி அதற்கு லிக்னின் என்று பெயரிட்டார். நம் தச்சர்கள் பனையில் ‘வைரம்’ என்று தட்டிக் காட்டும் கருத்த பகுதியின் உறுதிக்கும் பெரும்பாலும் அதுவே காரணம். மலிவான காகிதத்தில் அது தங்கிவிடுவதால்தான் பழைய செய்தித்தாள் மஞ்சளாகிறது. தைல மரக் கட்டையில் நூற்றுக்கு 25 முதல் 30 பங்கு வரை லிக்னின் இருக்கும்.

இதை அளக்க ஸ்வீடன் தேசத்துக் கிளாசன் ஒரு வழி கண்டார். 72 சதவீதக் கந்தகாமிலத்தில் மரத்தூளைக் கரைத்து, கரையாமல் எஞ்சுவதை நிறுத்துப் பார்ப்பது. முரட்டு வைத்தியந்தான், ஆனாலும் இன்றுவரை மதிப்புடையது.

மற்றொரு வழி ஒளியின் வழி. 1800-ல் வில்லியம் ஹெர்ஷல் சூரிய ஒளியை வண்ணங்களாகப் பிரித்து, சிவப்புக்கும் அப்பால், கண்ணுக்கு ஒன்றுமே தெரியாத இடத்தில் வெப்பமானியை வைத்தார். பாதரசம் ஏறிற்று. அந்த அகச்சிவப்புக் கதிரைப் பல பொருள்களின் வழியே செலுத்தி, எது எதை விழுங்குகிறது என்று கோப்லென்ட்ஸ் 1905-ல் விரிவாக வெளியிட்டார். அணுக்களின் பிணைப்புகள் வீணைத் தந்திகளைப் போல அதிர்பவை. தத்தம் சுருதிக்கு இசைந்த கதிரை மட்டும் வாங்கிக்கொள்ளும். லிக்னினின் வளைய அமைப்பு, சென்டிமீட்டருக்குச் சுமார் 1,510 அலைகள் உள்ள கதிரை விழுங்கும். ஒரு சிட்டிகை மரத்தூள் போதும். அந்த இடத்தில் விழும் பள்ளத்தின் ஆழத்தைக் கொண்டு லிக்னினைக் கணக்கிட்டுவிடலாம். அளவு தெரிந்த மாதிரிகளை வைத்துக் கருவியை முன்பே பழக்கியிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஆலைக்கு இந்தக் கணக்கு அவசியம். லிக்னின் கூடினால் காரமும் நேரமும் கூடும். விவசாயிகளின் கணக்கோ வேறு. தோட்டங்களில் வெட்டிய குழிகளும் வரப்புகளும் மழைநீரைக் கண்மாய்க்குப் போகவிடாமல் தடுக்கின்றன என்று அவர்கள் பல ஆண்டுகளாக முறையிடுகிறார்கள். மானாவாரிச் சீமையில் அதை அலட்சியம் செய்வது நியாயமாக எனக்குப் படவில்லை.

வெட்டிய கட்டையில் காகிதக் கூழாவது பாதிக்கும் சற்றுக் குறைவுதான். பிரிந்த லிக்னின் கருந்திரவமாக ஓடி, கொதிகலனில் எரிந்து, ஆலைக்கே நீராவியாகிறது.