ஜன்னலின் வயது

முத்தை நாடி 16-ஆம் நூற்றாண்டில் தூத்துக்குடிக் கரைக்கு வந்த போர்த்துக்கீசியர், 1658-இல் டச்சுக்காரரிடம் துறையை இழந்து அகன்றபோது, மாதா பக்தியோடு சில சொற்களையும் நம்மிடம் விட்டுச் சென்றனர். அவற்றுள் ஒன்று, ‘ஜனேலா’ என்பது திரிந்து இன்று குக்கிராமத்திலும் வழங்கும் ‘ஜன்னல்.’ அவர்கள் வருமுன் நம் வீடுகள் குருட்டுச் சுவர்களாய் நின்றன என்று பொருளன்று. ஜன்னலுக்கு நம்மிடமிருந்த பழைய பெயர்களுள் ‘காலதர்’ என்றால் காற்றின் வழி. ‘சாளரம்’ என்பதோ வலையைக் குறிக்கும் ‘ஜாலம்’ என்ற வடசொல்லின் வழிவந்தது. வெளிச்சத்தை முன்னிட்டு இவற்றுள் எதற்கும் பெயர் அமையவில்லை என்பது கவனிக்கத் தக்கது. வெளிச்சத்துக்குத்தான் முற்றம் இருந்ததே! சுவரோடு சுவர் ஒட்டிய தெருவிலும், தன் வீட்டு நடுவே தனக்கென்று ஒரு துண்டு ஆகாயம் வைத்திருந்தவன், சூரியனுக்காக அண்டை வீட்டானுடைய தயவை எதிர்பார்க்க வேண்டியிருக்கவில்லை.

சூரியன் அருமையாகிய இங்கிலாந்தின் கதை வேறு. 20 ஆண்டுகள் ஒரு பலகணி வழியே இடையூறின்றி வந்த ஒளியை அயலான் மறைக்கலாகாது என்று அங்கே 1832-இல் சட்டம் பிறந்தது. அதே 20 ஆண்டுக் கணக்கு, 1882 ஜூலை முதல் தேதியிலிருந்து வசதியுரிமைச் சட்டமாக, பத்திர எழுத்தர் பாஷையில் ‘ஈஸ்மெண்டு பாத்தியமாக’, சென்னை ராஜதானியில் அமலாகி, அதன் வழியே தூத்துக்குடிக்கும் வந்து சேர்ந்தது. கட்டடத்துக்கு மட்டுமே இந்தச் சலுகை. கருவாடு உலர்த்தும் திறந்த வெளிக்கு எத்தனை தலைமுறை வெயில் அடித்திருந்தாலும், அனுபோகத்தைக் காட்டி அந்த வெயிலுக்குப் பாத்தியம் கொண்டாட 17-ஆவது பிரிவு இடந்தரவில்லை.

ஆனால் நம் நாட்டு வழக்கம் கவலைப்பட்டது ஜன்னலுக்காக அன்று, ஜன்னலைக் கண்டு. பக்கத்து வீட்டு அந்தரங்கத்தில் கண் விழும்படி எவரும் புதிய ஜன்னல் திறக்கலாகாது என்ற ஊர்வழக்கத்தை, அச்சட்டத்தின் 18-ஆவது பிரிவே உதாரணமாக எடுத்துக் காட்டுகிறது. 1888-இல் அலகாபாத் உயர்நீதிமன்றம் திரைமறைவில் வாழ்ந்த கோஷா ஸ்திரீகளின் பொருட்டு இவ்வழக்கத்தை அங்கீகரித்தது. சென்னை உயர்நீதிமன்றமோ அத்தகைய பொது உரிமையை ஒப்பவில்லை. பார்வை உறுத்தினால் உன் நிலத்தில் நீ மறைப்புக் கட்டிக்கொள் என்பதே அதன் போக்கு. தர்க்கத்துக்கு இது பொருந்தலாம். முற்றத்தில் தலை உலர்த்தும் பெண்ணுக்கு நியாயமாகத் தோன்றியிராது என்பது என் எண்ணம். அந்த மறைப்பையும் 20 ஆண்டுகள் கழியுமுன் கட்டிவிட வேண்டும். தாமதித்தால், எட்டிப் பார்த்த ஜன்னலே ஒளிக்கு உரிமை பெற்று, மறைப்பைத் தடுக்க வந்து நிற்கும்.

முற்றங்களெல்லாம் கூரை மூடி அறைகளாகிவரும் இக்காலத்தில், பழைய தெருவில் மனை வாங்க எண்ணும் அன்பர்கள், வில்லங்கச் சான்றிதழைப் பார்ப்பதோடு நின்றுவிடாமல், அடுத்த வீட்டுச் சுவரில் தம் மனையை நோக்கியிருக்கும் ஜன்னலின் வயதையும் விசாரித்துக்கொள்வது நலம்.