ஜூன் மாதத்தில் கலையும் அணி

கோவையில் பெண்கள் கல்லூரிக் கூடைப்பந்தைத் தொடர்ந்து பார்ப்பவர்களுக்கு ஆண்டு தொடங்குவது ஜூனில். மூன்றாம் ஆண்டு முடித்த சென்டர் போய்விட்டாள், அந்த இடத்தில் யார் நிற்கப்போகிறாள்? மாநிலப் பள்ளிப் போட்டியில் நன்றாக ஆடிய அந்த உயரமான பெண் பீளமேட்டில் சேர்ந்தாளா, சென்னைக்குப் போய்விட்டாளா? ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் இந்த முறை எத்தனை இடம் கிடைத்தது? கோர்ட்டின் ஓரத்தில் பந்து எடுத்துப்போடும் பழைய ஆட்டக்காரர்கள், பி.டி. டீச்சர்கள், பிள்ளைகளைக் கூட்டிப்போக வந்த பெற்றோர் என எல்லோரும் பேசுவது இதைத்தான். 'டீம் உடைஞ்சு போச்சுங்க' என்ற வார்த்தை ஒவ்வொரு கோடையிலும் காதில் விழும். போன ஆண்டு நடந்த ஆட்டத்தின் ஸ்கோரை விட, இந்த ஆண்டு யார் இல்லை என்பதே பெரிய செய்தி. இதை வெறும் ஊர்ப்பேச்சு என்று தள்ளிவிட முடியாது. கொங்கு நாட்டில் பெண்கள் கூடைப்பந்தின் வரலாறே இந்தப் பேச்சுக்குள் இருக்கிறது. இங்கே பெண்களுக்குக் கல்லூரியே கிளப், கல்லூரியே மாவட்ட அணி, ஏறக்குறைய ஒரே ஆதரவும் கல்லூரிதான். பட்டப்படிப்பின் மூன்று ஆண்டே அணியின் ஆயுளாக அமைந்தது அதனால்தான். இந்த நிலை தானாக வரவில்லை. எழுபது ஆண்டுகளில் பலர் பல இடங்களில் எடுத்த முடிவுகளால் வந்தது.

ஆட்டம் பிறந்த கதை எல்லோருக்கும் தெரியும். 1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் ஜேம்ஸ் நைஸ்மித் அதை உருவாக்கினார். அதிகம் பேசப்படாதது அடுத்து நடந்தது. சில மாதங்களுக்குள் அருகிலிருந்த ஸ்மித் பெண்கள் கல்லூரியின் ஆசிரியை செண்டா பெரன்சன் அதைத் தம் மாணவிகளுக்குக் கற்றுக்கொடுத்தார். கூடவே விதிகளை மாற்றினார். கோர்ட் மூன்று பகுதிகளாகப் பிரிந்தது. தன் பகுதியைத் தாண்டி எவளும் ஓடக்கூடாது, அடுத்தவள் கையிலிருக்கும் பந்தைப் பறிக்கக்கூடாது. பெண் உடல் களைத்துவிடும், பெண் குணம் முரடாகிவிடும் என்ற அச்சம் கோடுகளாகத் தரையில் வரையப்பட்டது. சென்னைக்கு இந்த விளையாட்டுக் கல்வி வந்ததும் ஒய்.எம்.சி.ஏ. வழியாகத்தான். ஹாரி குரோ பக் 1920இல் தொடங்கிய உடற்கல்விக் கல்லூரியில் பயின்றவர்கள் மாகாணம் முழுவதும் பள்ளிகளுக்கு ஆசிரியர்களாகப் போனார்கள். ஆனால் பெண்கள் பள்ளிகளில் நெடுங்காலம் கோலோச்சியவை டென்னிகாய்ட்டும் த்ரோபாலும். இரண்டிலும் நடுவில் வலை உண்டு. எதிராளியின் உடல் மேலே படாது. பாவாடை தாவணியோடும் ஆடிவிடலாம். கூடைப்பந்துக்கு வலை கிடையாது. ஓட வேண்டும், எகிற வேண்டும், தோளோடு தோள் மோதி ரீபவுண்ட் பிடிக்க வேண்டும். ஒரு பெண் இதைப் பலர் பார்க்க ஆடுவதற்கு ஊர் முதலில் சம்மதிக்க வேண்டியிருந்தது.

அந்தச் சம்மதத்தைக் கொங்கு நாட்டில் வாங்கித் தந்தவை பெண்கள் கல்லூரிகள். கோவை அரசுக் கல்லூரியின் வேர் 1852 வரை போகிறது. பெண்களுக்கென்று கல்லூரி வர ஏறக்குறைய நூறு ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது: 1948இல் கன்னியாஸ்திரிகள் நடத்திய நிர்மலா, 1957இல் அவினாசிலிங்கம் மனையியல் கல்லூரி, 1963இல் பீளமேட்டில் பி.எஸ்.ஜி.ஆர். கிருஷ்ணம்மாள். சுற்றுச்சுவரும் விடுதியும் இருந்ததால்தான் பொள்ளாச்சி, உடுமலை, கோபிப் பக்கத்து விவசாயக் குடும்பங்கள் பெண்ணை அனுப்பத் துணிந்தன. அந்தச் சுவருக்குள் அவள் அரைக்கால் சட்டை போட்டு ஓட முடிந்தது. அதே சுவர் பார்வையாளரையும் வெளியே நிறுத்தியது. 1896இல் ஸ்டான்ஃபோர்டு, கலிஃபோர்னியா பல்கலைக்கழகப் பெண்கள் மோதிய முதல் கல்லூரி ஆட்டத்தில் ஆண்களை உள்ளே விடவில்லை, ஸ்கோர் 2-1. நம் ஊரில் அப்படி எழுதிவைத்த தடை தேவைப்படவில்லை, வாசல் கதவே போதும். ஆட்டம் பத்திரமாக வளர்ந்தது, ஊரின் நினைவுக்குள் வராமலே வளர்ந்தது. யார் எந்த ஆண்டு எந்த இறுதி ஆட்டத்தில் என்ன செய்தாள் என்பது கல்லூரி ஆண்டு மலரில் ஒரு குழுப்படமாகவும் பெயர் வரிசையாகவும் அடங்கிப்போனது.

இங்கே ஒரு சங்கதியை நின்று பார்க்க வேண்டும்: அந்தப் பெண்கள் எந்தப் பெயர் எழுதிய பனியனை அணிந்தார்கள் என்பது. தொடக்கத்தில் நிர்மலாவின் மாணவியும் கிருஷ்ணம்மாளின் மாணவியும் கல்லூரிகளுக்கிடையிலான போட்டியில் எதிரிகள். பல்கலைக்கழக அளவில் இருவரும் சென்னைப் பல்கலைக்கழக அணிக்குத்தான் போக முடியும். 1982இல் பாரதியார் பல்கலைக்கழகம் வந்தபோது கொங்கு நாட்டுக்கென்று ஒரு பனியன் முதல்முறையாகக் கிடைத்தது. அது விரைவில் கிழிந்தது. 1988இல் அவினாசிலிங்கம் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாகித் தனி அணியானது. 1997இல் சேலத்தில் பெரியார் பல்கலைக்கழகம் வந்தது. காவிரிப் பாலத்துக்கு இந்தப் பக்கம் ஈரோட்டுப் பெண் பாரதியாருக்கு, அந்தப் பக்கம் பள்ளிபாளையத்துக் கல்லூரியில் படிப்பவள் பெரியாருக்கு. 2001க்குப் பிறகு பொறியியல் கல்லூரிகள் அண்ணா பல்கலைக்கழகத்தோடு சேர்ந்தன, பி.எஸ்.ஜி. டெக் மாணவியும் பக்கத்து பி.எஸ்.ஜி. கலைக்கல்லூரி மாணவியும் வெவ்வேறு அணி. வேளாண் பல்கலைக்கழகம் தனி. அமிர்தா, காருண்யா, கற்பகம் நிகர்நிலையானபோது மேலும் மூன்று தனி. அவினாசி சாலையில் ஒரே பஸ்ஸில் போய்வரும் ஐந்து பெண்கள் தென்மண்டலப் போட்டியில் ஐந்து அணிகளில் நிற்கலாம். கோவை என்ற பெயரில் ஆடும் பல்கலைக்கழக அணி ஒன்றுகூட இல்லை என்பதுதான் இவ்வளவு கல்லூரிகள் நிறைந்த ஊரின் நிலை.

இதில் இன்னொரு சிக்கல் உண்டு. பாரதியார் போன்ற இணைப்புப் பல்கலைக்கழகத்தின் கீழ் நூற்றுக்கும் மேற்பட்ட கல்லூரிகள் இருக்கின்றன. அவற்றின் அணிகள் தமக்குள் மோதியபின் செலக்ஷன் நடத்தி ஆளுக்கொரு கல்லூரியிலிருந்து எடுக்கிறார்கள். நேற்று வரை எதிரே நின்றவளோடு சில நாள் பயிற்சி, பிறகு ரயில் ஏற வேண்டியதுதான். எதிரணியாக வரும் எஸ்.ஆர்.எம்., ஹிந்துஸ்தான் போன்ற சென்னைத் தனியார் பல்கலைக்கழகங்களில் ஒரே வளாகம், ஒரே விடுதி, ஒரே பயிற்சியாளர், ஆண்டு முழுவதும் காலையும் மாலையும் கோர்ட். கூடைப்பந்து ஐந்து பேர் கண்ணால் பேசிக்கொள்ளும் ஆட்டம். பாயிண்ட் கார்டு தலையைத் திருப்பாமல் விடும் பாஸ் எங்கே வந்து சேரும் என்பது சென்டருக்குப் பழக்கத்தில்தான் தெரியும். பிளஸ் டூ முடித்த நல்ல ஆட்டக்காரி கோவையை விட்டுச் சென்னைக்குப் போவதை நன்றிகெட்டதனம் என்று பேசுபவர்கள் இந்த வேறுபாட்டைக் கணக்கில் எடுப்பதில்லை. கட்டணச் சலுகையும் விடுதியும் அவளை இழுப்பது உண்மைதான். அதைவிட, நான்கு பேரோடு மூன்று ஆண்டு தொடர்ந்து ஆடலாம் என்பது அவளுக்குப் பெரிய ஆசை.

படிப்பு முடிந்தபின் என்ன என்ற கேள்வியில்தான் ஆண்களுக்கும் பெண்களுக்கும் பாதை முற்றிலும் பிரிகிறது. கோவை கூடைப்பந்து நகரம் என்று பெயர் வாங்கியது பி.எஸ்.ஜி. கோப்பையாலும் நாச்சிமுத்து கவுண்டர் கோப்பையாலும். ஆண்களுக்கான இந்த இரண்டு அகில இந்தியப் போட்டிகளும் அரை நூற்றாண்டைக் கடந்தவை. ராணுவம், விமானப்படை, இந்தியன் வங்கி, இந்தியன் ஓவர்சீஸ் வங்கி என்று சம்பளம் கொடுக்கும் அணிகள் அவற்றில் ஆடின. உள்ளூர்ப் பையன் அவர்களைப் பார்த்தான், தானும் ஒரு நாள் வங்கிப் பனியனில் ஆடலாம் என்று நினைத்தான், சிலர் ஆடவும் செய்தார்கள். பெண்களுக்கான சி.ஆர்.ஐ. பம்ப்ஸ் கோப்பை அண்மையில்தான் இருபது பதிப்புகளைத் தொட்டது. ஒரு தலைமுறைக்கு மேற்பட்ட இடைவெளி. அதற்குள் கல்லூரியில் ஆடி முடித்துப் போன பெண்கள், தங்கள் ஊரிலேயே சம்பளத்துக்கு ஆடும் பெண்ணைப் பார்க்காமலே போனார்கள். இப்போது அந்தக் கோப்பைக்கு வரும் பெண்கள் அணிகளைப் பாருங்கள்: ரயில்வே மண்டலங்கள், கேரள மின்வாரியம். பஞ்சாலையும் பம்பு ஆலையும் பனியன் ஏற்றுமதியும் நிறைந்த இந்த வட்டாரம் கோப்பை கொடுக்க முன்வந்தது, அது பாராட்டத்தக்கது. சம்பளம் வாங்கும் பெண்கள் அணி ஒன்றை அது வளர்த்துக்கொள்ளவில்லை.

மூன்று ஆண்டு என்ற கணக்கு கொங்கு நாட்டுக்கு வேறொரு விதத்திலும் பழக்கமானது. கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் நூற்பாலைகளில் சுமங்கலித் திட்டம் என்று ஒன்று நடந்தது. மணமாகாத இளம்பெண்களை மூன்று ஆண்டுக்கு விடுதியில் வைத்து வேலை வாங்கி, முடிவில் கல்யாணச் செலவுக்கென்று மொத்தத் தொகை கொடுப்பார்கள். இடையில் விலகினால் அந்தத் தொகை கைக்கு வராமல் போவதும் உண்டு. கல்லூரி விளையாட்டையும் அதையும் ஒரே தட்டில் வைப்பது அநியாயம் என்று சொல்லலாம். ஆலைப் பெண்ணுக்கு நேர்ந்தது சுரண்டல். ஆட்டக்காரிக்குக் கிடைத்தது படிப்பும் மகிழ்ச்சியும். அந்த வேறுபாட்டை மறுக்கவில்லை. ஆனால் இரண்டின் அடியிலும் ஒரே எண்ணம் இருக்கிறது: இருபத்தொரு வயதுக்கு மேல் இந்தப் பெண் வேறொரு வீட்டின் கணக்கு, அதுவரை மட்டும் நம் திட்டம். கல்லூரி முடிந்தபின் ஆடும் பெண்ணுக்கு இந்த வட்டாரம் இடம் ஒதுக்காததை இந்த எண்ணத்தைச் சேர்த்துப் பார்த்தால்தான் விளங்கிக்கொள்ள முடியும்.

'கல்யாணம் ஆனா அவங்களே விட்டுடுவாங்க, அப்புறம் யாருக்கு அணி நடத்துறது?' என்பது இதற்கு வழக்கமான பதில். இது காரணத்தையும் விளைவையும் இடம் மாற்றிச் சொல்கிறது. வாளையாறைத் தாண்டினால் போதும். சங்கனாச்சேரி அசம்ப்ஷன் கல்லூரியில் ஆடிய கேரளப் பெண்ணுக்கு முன்னால் மின்வாரிய வேலையோ ரயில்வே வேலையோ தெரிந்தது. குடும்பமும் அந்த வேலையைக் கருதி ஆட்டத்தைப் பொறுத்துக்கொண்டது, பிறகு பெருமைப்பட்டது. அந்தக் கல்லூரியிலிருந்து வந்த கீத்து அன்னா ஜோஸ் தெற்கு ரயில்வேக்கு ஆடினார், ஆஸ்திரேலிய கிளப்பில் ஆடினார், 2011இல் அமெரிக்கத் தொழில்முறை லீகின் தேர்வு வரை போனார். நம் சென்னையின் அனிதா பால்துரை 2017இல் பெங்களூரில் இந்திய அணிக்குத் தலைமை தாங்கினார். கஜகஸ்தானை 75-73 என்று வென்று இந்தியா ஆசியக் கோப்பையின் முதல் பிரிவுக்கு ஏறியபோது அவருக்கு வயது 32. 2021இல் பத்மஸ்ரீ. அவரும் ரயில்வே ஊழியர். சம்பளச் சீட்டு இருந்த இடத்தில் பெண்கள் முப்பதைத் தாண்டியும் ஆடியிருக்கிறார்கள்.

வெளி மாவட்டப் பெண்களைக் கொண்டுவந்து ஜெயிப்பது எப்படிக் கோவையின் வெற்றியாகும் என்ற இன்னொரு மனக்குறையும் உண்டு. அரங்கில் இந்தக் கேள்வி கோபமாகவே எழுகிறது. உள்ளூர்ப் பள்ளியில் பத்து வருடம் பந்து தட்டிய பெண் பெஞ்சில் உட்கார, வந்து ஆறு மாதமான பெண் முதல் ஐவரில் நிற்பதைப் பார்த்தால் வலிக்கத்தான் செய்யும். ஆனால் இந்த ஊரின் ஆலையும் பட்டறையும் வெளியூர்க்காரர் உழைப்பால் வளர்ந்தவை. ஆட்டக்காரிக்கு மட்டும் பிறந்த ஊர்ச் சான்று கேட்பது சரியில்லை. அமெரிக்காவில் 2018இல் மாணவ ஆட்டக்காரர்கள் கல்லூரி மாற விரும்பினால் பெயர் பதிய ஒரு பொதுப் பட்டியல் வந்தது. 2021இல் மாறினால் ஓராண்டு வெளியே உட்கார வேண்டும் என்ற விதியும் தளர்ந்தது. அங்கும் ரசிகர்கள் அணி கலைவதைப் புலம்புகிறார்கள். ஆனாலும் அங்கே போகிறவள் தன் விருப்பத்தால் போகிறாள். இங்கே பட்டம் வாங்கியவளுக்குப் போக வேறு அணி இல்லை.

பார்க்க ஆளில்லாத ஆட்டத்துக்கு யார் பணம் போடுவார்கள் என்ற கேள்விக்கு அயோவா மாநிலத்தின் கதையைச் சொல்ல வேண்டும். மக்காச்சோளக் காடுகள் சூழ்ந்த சிற்றூர்கள். நம் காங்கேயம், தாராபுரம் மாதிரி வைத்துக்கொள்ளலாம். 1925இல் பள்ளித் தலைமை ஆசிரியர்கள் சங்கம் பெண்கள் போட்டியைக் கைவிட முனைந்தபோது, சிற்றூர்ப் பள்ளி நிர்வாகிகள் பிரிந்து போய்ப் பெண்களுக்கென்று தனிச் சங்கம் வைத்தார்கள். பெரிய நகரப் பள்ளிகள் விலகின. விவசாய ஊர்கள் விடவில்லை. ஆறு பேர் ஆடும் பழைய விதியோடுதான் ஆடினார்கள், 1993 வரை. மாநில இறுதிப் போட்டிக்குத் தலைநகர் டெ மாய்ன் அரங்கம் நிரம்பியது. அந்த மண்ணில் பிறந்த கெய்ட்லின் கிளார்க் 2024இல் அயோவா பல்கலைக்கழகத்துக்காகத் தேசிய இறுதி ஆட்டத்தில் இறங்கியபோது தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் 1 கோடியே 89 லட்சம். அதே ஆண்டு ஆண்கள் இறுதி ஆட்டத்துக்கு 1 கோடியே 48 லட்சம். கூட்டம் வந்தபின் அமைப்பு உருவானதாக அங்கே நடக்கவில்லை. அமைப்பு தலைமுறை தலைமுறையாக நின்றது, பாட்டியும் அம்மாவும் ஆடிய ஆட்டத்தைப் பேத்தி ஆடினாள், கூட்டம் சேர்ந்தது.

கோவை சந்திப்பு தெற்கு ரயில்வேயின் சேலம் கோட்டத்தில் இருக்கிறது. ஆனால் ரயில்வேயின் பெண்கள் அணிக்கு வீடு சென்னைதான். பாரதியார் பனியனில் ஆடிய ஒருத்திக்கு ரயில்வே வேலை கிடைத்தால் அவள் பெட்டியைக் கட்டிக்கொண்டு சென்னைக்கோ செகந்திராபாத்துக்கோ போய்விடுவாள். அடுத்த சி.ஆர்.ஐ. கோப்பைக்குத் தன் ஊர் கோர்ட்டுக்கே திரும்பி வரும்போது, ஆட்ட அட்டவணையில் அவள் பெயருக்கு மேலே தென்மத்திய ரயில்வே என்றோ தெற்கு ரயில்வே என்றோ எழுதியிருக்கும். ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் பழைய ஆட்டக்காரர்கள் மட்டும் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்வார்கள்: 'அந்த எட்டாம் நம்பர், நம்ம பொண்ணுங்க.'