ஞானப்பாட்டு வந்த வழி



நம் பத்து பாகாட் வட்டாரத் தோட்டங்களிலிருந்து ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குச் செல்லும் சிறுவர் சிறுமியர், கைத்தாளம் தட்டிக் கீர்த்தனை பாடக் கேட்டிருப்பீர்கள். எழுத்துக் கூட்டத் தெரியாத குழந்தைகூட நான்கு வாரத்தில் ஒரு பாட்டைப் பாடிவிடும். இப்பாடல்கள் பிள்ளைகளின் வாய்க்கு வந்து சேர்ந்த வரலாற்றை இன்று காண்போம்.

1706-ஆம் ஆண்டு ஜூலை 9-ஆம் நாள் ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்கு தரங்கம்பாடியில் வந்திறங்கினார். மறு ஆண்டே பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார். அங்கே கற்பிக்கப்பட்ட ஞானப்பாட்டுகள் தமிழில் இருந்தன. மெட்டோ ஜெர்மானிய மெட்டு. இதில் ஓர் இடர்ப்பாடு உண்டு. தமிழில் குறிலும் நெடிலும் பொருளையே மாற்றும். 'பல்' என்பதைச் சற்று நீட்டினால் 'பால்' ஆகிவிடும். அயல்நாட்டு மெட்டு நீட்டச் சொல்லும் இடத்தில் குறில் வந்து விழுந்தால், பிள்ளைக்குப் பொருள் விளங்காது.

இக்குறையைத் தீர்த்தவர்களுள் தலையானவர் வேதநாயகம் சாஸ்திரியார். 1774-இல் திருநெல்வேலியில் பிறந்தார். சுவார்ட்ஸ் பாதிரியார் அவரைச் சிறுவயதிலேயே தஞ்சைக்கு அழைத்துச் சென்று வளர்த்தார். பின்னாளில் தஞ்சை மன்னரான சரபோஜியும் சுவார்ட்ஸிடம் பயின்றவரே. சாஸ்திரியார் தஞ்சையில் பள்ளி ஆசிரியரானார். நம் நாட்டு இராக தாளங்களில், பல்லவி, அனுபல்லவி, சரணம் என்ற அமைப்பில் கிறிஸ்தவப் பாடல்களை இயற்றினார். குறவஞ்சி என்னும் தமிழ் நாடக வடிவில் 'பெத்லகேம் குறவஞ்சி'யும் பாடினார்.

பல்லவி திரும்பத் திரும்ப வருவது. ஆசிரியர் சரணத்தைப் பாட, பிள்ளைகள் பல்லவியை வாங்கிப் பாடலாம். ஆதி தாளத்தின் எட்டு எண்ணிக்கையை விரல்விட்டே எண்ணலாம். ஏடு வேண்டியதில்லை, செவியும் கையும் போதும்.

இங்கே ஒரு செய்தியை மறைக்காமல் சொல்ல வேண்டும். 1820-களில் தஞ்சைக்கு வந்த புதிய பாதிரிமார், தேவாலயத்தில் சாதிவாரியாக அமரக்கூடாது என்றனர். தமிழ் இசையையும் அவர்கள் விரும்பவில்லை. சாஸ்திரியார் இரண்டையும் எதிர்த்தார். 1829-இல் சாதி வழக்கத்தை ஆதரித்து எழுதினார். அச்சச்சரவில் தம் பதவியையும் இழந்தார். சரபோஜி மன்னர் அவரை ஆதரித்தார். தமிழ் இசைக்காக அவர் வாதாடியது நியாயம். சாதிக்காக வாதாடியது நியாயமன்று. பெரும்புலவர் என்பதற்காக நாம் அதை ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை.

ஆனால் பாட்டு, பாடியவரையும் கடந்து சென்றது. 1853-இல் அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் பாதிரியார் கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சிட்டார். சாஸ்திரியாரின் பாடல்கள் அதில் மிகுதியாக இடம்பெற்றன. தஞ்சைக்கு அப்பாலும் ஊர்தோறும் அவை பரவின. சாஸ்திரியார் 1864-இல் மறைந்தார்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவில் இரப்பர் தோட்டங்கள் பெருகின. கப்பலேறி வந்த நம் முன்னோரிற் கிறிஸ்தவராயிருந்தோர் இக்கீர்த்தனைகளை நெஞ்சில் சுமந்து வந்தனர். சாதியையும் மூட்டையில் கட்டிக்கொண்டு வந்தவர்கள் உண்டு. ஆயினும் லயத்துப் பிள்ளைகள் ஒரே பாயில் அமர்ந்து, ஒரே பல்லவியை ஒரே குரலில் பாடியபோது, புலவர் மறுத்ததை அவருடைய பாட்டே செய்து காட்டியது.

பெற்றோர்களே, தோட்டப் பள்ளியில் பாடம் நடத்தும் நாங்கள் ஒன்றைக் கண்டிருக்கிறோம். பாட்டுப் பாடிப் பழகிய பிள்ளை குறில் நெடிலில் தடுமாறுவதில்லை. ளகரத்தையும் ழகரத்தையும் வேறுபடுத்திச் சொல்கிறது. தேவாலயத்துக் கீர்த்தனையாயினும் கோயில் தேவாரமாயினும் இது பொருந்தும். ஆகவே உங்கள் பிள்ளை பாடிக்கொண்டு வீடு திரும்பினால் ஒரு வரியை நிறுத்திப் பொருள் கேளுங்கள். பாட்டியார் அறிந்த பாட்டுகளை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையையும் உடன் அமர்த்திப் பாடச் செய்யுங்கள்.