விசிறி ஏன் நின்றது?

மேட்டுப்பாளையம் என்றதும் நீலகிரி மலையடிவாரத்து ஊர்தான் நம்மில் பலருக்கு நினைவுக்கு வரும். புதுச்சேரியிலும் ஒரு மேட்டுப்பாளையம் உண்டு. தொழிற்பேட்டை அமைந்த பகுதி அது. அங்குள்ள பட்டறை ஒன்றின் வாசலில், சித்திரை மாதத்து நண்பகலில், பழைய வேன் ஒன்று ஆவி கக்கிக்கொண்டு வந்து நிற்பதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள்.

“ரெண்டு ஃபேன் மோட்டார் மாத்தியாச்சு அண்ணே, இதுவும் நின்னுபோச்சு. இன்னும் ஒரு வருஷம்கூட ஆகலையே!” என்கிறார் வேன்காரர். வாடகைச் சவாரிதான் அவர் பிழைப்பு. மூன்றாவது விசிறியையும் வாங்குவதா? வாங்காமல் ஓட்டினால் எஞ்சினின் மேல்மூடி சூட்டில் வளைந்து, செலவு பல மடங்காகிவிடாதா? இதற்கு விடை தேடுமுன், இந்த விசிறி வண்டிக்குள் எப்படி வந்தது என்ற வரலாற்றைச் சற்றுப் பார்ப்போம். நோயைக் கண்டறிய அந்த வரலாறே நமக்குத் துணை செய்யும்.

தாகம் தீராத வண்டி

எஞ்சினில் எரியும் பெட்ரோல் தரும் வெப்பம் முழுவதும் சக்கரத்தைச் சுழற்றப் பயன்படுவதில்லை. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு புகையோடு போகிறது. இன்னொரு பங்கு எஞ்சினின் சுவர்களைச் சூடாக்குகிறது. அந்தச் சூட்டை வெளியேற்றாவிட்டால் உலோகம் விரிந்து, எண்ணெய் தீய்ந்து, எஞ்சின் இறுகிவிடும்.

1886-இல் கார்ல் பென்ஸ் காப்புரிமை பெற்ற மூன்று சக்கர வண்டியில் இதற்கு எளிய வழி இருந்தது. எஞ்சினைச் சுற்றியுள்ள நீர் கொதித்து ஆவியாகும். அதனுடன் சூடும் போகும். 1888 ஆகஸ்டில் அவருடைய மனைவி பெர்த்தா பென்ஸ், தம் இரு மகன்களுடன் மன்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்குச் சுமார் 100 கிலோமீட்டர் தூரம் அந்த வண்டியில் சென்றார். வழியெங்கும் நிறுத்தி நிறுத்தித் தண்ணீர் ஊற்ற வேண்டியிருந்தது.

நீரை இழக்காமல் சூட்டை மட்டும் இழக்க முடியாதா? விடை கண்டவர் வில்ஹெல்ம் மேபாக். 1900-ஆம் ஆண்டின் இறுதியில் உருவான 35 குதிரைத்திறன் மெர்சிடிஸ் காருக்கு அவர் தேன்கூடு போன்ற ரேடியேட்டரை அமைத்தார். அதில் 6 மில்லிமீட்டர் சதுர வாயுள்ள 8,070 சிறு குழாய்கள். குழாய்களின் உள்ளே காற்று பாயும். அவற்றின் இடுக்குகளில் நீர் ஓடும். காற்றைத் தொடும் பரப்பு மிகவும் பெருகியதால் 9 லிட்டர் நீரே போதுமானதாயிற்று. ஆனால் வண்டி மெதுவாகச் செல்லும்போது காற்றுக்கு எங்கே போவது? ரேடியேட்டருக்குப் பின்னால் ஒரு விசிறியை வைத்தார் மேபாக். நம் வேனில் நின்றுபோன விசிறிக்கு மூதாதை அதுதான்.

பட்டையிலிருந்து கம்பிக்கு

பின்னர் பல்லாண்டுகள் இந்த விசிறியை எஞ்சினே ஒரு பட்டை மூலம் சுழற்றி வந்தது. நம் நாட்டு அம்பாசடர் காரின் முன்மூடியைத் தூக்கிப் பார்த்தவர்கள் அந்த ‘ஃபேன் பெல்ட்’டைக் கண்டிருப்பீர்கள். அதில் ஒரு குறை உண்டு. எஞ்சின் வேகமாக ஓடும்போது விசிறியும் வேகமாகச் சுழலும். ஆனால் அப்போது எதிர்க்காற்றே போதுமானது. நெரிசலில் வண்டி நிற்கும்போதுதான் விசிறி மிகவும் தேவை. அப்போதோ எஞ்சினுடன் சேர்ந்து அதுவும் மெதுவாகச் சுழலும்.

எஞ்சினைக் குறுக்குவாட்டில் வைத்த சிறிய கார்கள் பெருகியபோது இன்னொரு சிக்கலும் எழுந்தது. எஞ்சினின் முனை பக்கவாட்டில் இருக்க, ரேடியேட்டர் முன்னால் இருந்தது. பட்டையால் விசிறியைச் சுழற்றுவது கடினமாயிற்று. எனவே மின்மோட்டார் விசிறி வந்தது. இந்தியாவில் 1983 டிசம்பரில் வெளிவந்த மாருதி 800 காரும், 1984-இல் வந்த மாருதி வேனும் இந்த முறையைத் தெருவெங்கும் பரப்பின. நீர் சூடானதும் வெப்ப ஸ்விட்ச் இணையும், ரிலே மின்னோட்டத்தை அனுப்பும், விசிறி சுழலும், நீர் ஆறியதும் நின்றுவிடும்.

சிக்கனமான ஏற்பாடுதான். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பட்டை அறுந்தால் கண்ணுக்குத் தெரியும். மின்வழியில் பழுது ஏற்பட்டால் தெரியாது. தெரிவதெல்லாம் நின்றுபோன விசிறி மட்டுமே. ஆகவே பழியும் அதன்மேல் விழுகிறது.

பட்டறையில் ஓம் விதி

இப்போது நம் வேனிடம் திரும்புவோம். அனுபவமுள்ள மெக்கானிக் முதலில் செய்வது என்ன தெரியுமா? நின்றுபோன விசிறியைக் கழற்றி, நேரே பாட்டரியில் இணைத்துப் பார்ப்பார். அது விர்ரென்று சுழல்கிறது! அப்படியானால் இதற்கு முன் தூக்கி எறிந்த இரண்டும்கூட நல்லவையாக இருந்திருக்கலாம் அல்லவா?

அடுத்து, விசிறியை மீண்டும் மாட்டி ஓடவைத்து, மல்டிமீட்டரால் அளக்கிறார். பாட்டரியில் 13.5 வோல்ட், விசிறியின் முனையில் 11.5 வோல்ட். இடையில் 2 வோல்ட் எங்கே போயிற்று? மின்னோட்டம் 10 ஆம்பியர் என்று கொள்வோம். 1827-இல் ஜார்ஜ் ஓம் வெளியிட்ட விதிப்படி 2-ஐ 10-ஆல் வகுத்தால், வழியில் 0.2 ஓம் மின்தடை இருக்கிறது. அற்பமான தடைதான். ஆனால் 2 வோல்ட்டை 10 ஆம்பியரால் பெருக்கிப் பாருங்கள்: 20 வாட். ஒரு சிறிய சால்டரிங் அயர்னின் வெப்பம் அது! ஒயர்கள் சேரும் பிளாஸ்டிக் சொருகியை, பட்டறையில் ‘கப்ளர்’ என்பார்களே, அதற்குள் இந்தச் சூடு எழுந்தால் பிளாஸ்டிக் இளகும், பித்தளை முனை தளரும், தடை இன்னும் கூடும். ஒருநாள் மின்னோட்டமே நின்றுவிடும்.

புதுச்சேரி கடலோர ஊர். உப்புக்காற்றில் செம்பும் பித்தளையும் களிம்பேறும். எர்த் ஒயர் சேருமிடம் துருப்பிடிக்கும். புதிய விசிறி மாட்டும்போது கப்ளரைக் கழற்றிச் சொருகுகிறோம். அந்த உரசலில் களிம்பு சிறிது நீங்குகிறது; சில மாதங்கள் விசிறி ஓடுகிறது; பிறகு பழைய கதைதான்.

பாட்டரியில் நேரே இணைத்தும் சுழலாவிட்டால் மோட்டார் உண்மையாகவே கெட்டிருக்கிறது. அப்போதும் ‘ஏன்?’ என்று கேட்க வேண்டும். சுழலும் மோட்டார் தனக்குள்ளேயே ஓர் எதிர் மின்னழுத்தத்தை உண்டாக்கி, மின்னோட்டத்தை மட்டுப்படுத்துகிறது. பேரிங் இறுகி மோட்டார் சுழலாமல் நின்றால் அந்தக் கட்டுப்பாடு இல்லை. மின்னோட்டம் பல மடங்காகி ஃப்யூஸ் போகும், அல்லது சுருள் கருகும். ரேடியேட்டரில் அழுக்கு அடைத்திருந்தால் நீர் ஆறவே ஆறாது. விசிறி ஓய்வின்றி ஓடி அதன் கார்பன் பிரஷ்கள் விரைவில் தேய்ந்துபோகும்.

ஓர் எச்சரிக்கை: எஞ்சின் சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். அழுத்தத்தால் உள்ளே நீரின் வெப்பநிலை 100 டிகிரி செல்சியஸுக்கு மேலும் இருக்கக்கூடும். திறந்தவுடன் கொதித்துச் சீறும். சில வண்டிகளில் சாவியைத் திருப்பி அணைத்த பிறகும் விசிறி திடீரென்று சுழலும். விரலை அருகே கொண்டு செல்லலாகாது.

நம் வேன்காரர் மூன்றாவது மோட்டாரை வாங்கவில்லை. புதிய கப்ளர் ஒன்று, சுரண்டித் தூய்மையாக்கிய எர்த் முனை ஒன்று; அவ்வளவே செலவு. பள்ளியில் மனப்பாடம் செய்யும் ஓம் விதிக்கு ஒருவருடைய பிழைப்பைக் காக்கும் ஆற்றலும் உண்டு என்பதை மாணவர்கள் நினைவில் கொள்வார்களாக!